வாயு மூலைக் காற்றாலை

மின்சார அலுவலகத்தில் காற்றாலைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவனைத் தேடி உறவுக்காரர்கள் வருவது, பெரும்பாலும் மீட்டரில் பெயர் மாற்றுவதற்கோ தோட்டத்துக் கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி நடுவதற்கோதான். எந்த விண்ணப்பத்தோடு எந்தச் சான்றை இணைக்க வேண்டும், யாருடைய கையெழுத்து விடுபட்டால் கோப்பு எந்த மேசையில் படுத்துவிடும் என்பதெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். என் மனைவியின் தம்பி மட்டும் இந்த ஞானத்தைத் தேடி வரவில்லை. அவன் காற்றைப் பற்றிப் பேச வந்தான். அதனால்தான் இவ்வளவும்.

அவன் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு கடைசல் பட்டறை வைத்திருந்தான். பம்ப்செட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். ஒரு காலத்தில் லேத்துகள் வரிசையாக நிற்கும், தீபாவளிக்கு ஆட்களுக்குத் துணி எடுக்கவே அவனும் அவன் மனைவியும் ஒரு நாள் முழுக்க ஒப்பணக்கார வீதியில் அலைவார்கள். பிறகு வேலை கொடுத்த கம்பெனிகள் தாங்களே கம்ப்யூட்டர் மிஷின்களை வாங்கிப் போட்டுக்கொண்டன. இவன் லேத்துகள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஆட்களும் அப்படியே. மனைவி காலமான பிறகு மிஞ்சியது ஒரு லேத்தும், ஒரு வெல்டிங் செட்டும், அவனும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்து, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்பான். இவன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வந்தான்.

"எட்டாவது மாடிங்க மச்சான்," என்றான் என்னிடம். "காத்தால எந்திரிச்சு பால்கனியில நின்னா, எதுத்த பால்கனியில ஒருத்தன் நிக்கறான். விசாரிச்சா அவனும் நம்ம சிங்காநல்லூருங்க. இரும்பு வார்க்கற பவுண்டரிய வித்துப்போட்டு வந்தவன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு உள்ள போயர்றோம். பேசறதுக்கு என்னங்க இருக்குது?"

"காப்பிய குடிச்சுட்டு பேப்பர் படிக்க வேண்டியதுதான மாப்பிள்ளை. நான் அதத்தான செய்யறேன்."

"உங்களுக்குப் பென்ஷன் வருதுங்க. பட்டறை போச்சுன்னா நான் என்னத்துக்குங்க?"

அவனுக்கு வேண்டியிருந்தது சொந்தமாக ஒரு பொருள். பிறத்தியாருடைய பம்புக்குள் மறைந்துபோகிற ஷாஃப்டாக இல்லாமல், முழுசாக நிற்கிற, நாலு பேர் கேட்டு வாங்குகிற ஒரு பொருள். அது அமைந்தால் பட்டறை பிழைக்கும். அமையாவிட்டால் எட்டாவது மாடி.

அந்தப் பொருள் காற்றாலையாக இருக்க வேண்டும் என்று அவன் தலையில் ஏற்றியது அவனுடைய ஃபோன். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் காற்றாலைக்குப் புதுப்புது உருவம் கொடுத்து வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவன் ஒன்றைக் காட்டுவான். இறக்கையே இல்லாமல் ஒரு கம்பம், காற்றில் முருங்கைக்கிளை போல ஆடி ஆடியே மின்சாரம் கொடுக்கிறது. பெரிய புனலுக்குள் சின்ன இறக்கையை வைத்து, காற்றைக் குவித்து அனுப்பும் ஒன்று. சாலை நடுவில் வரிசையாக நட்டுவைத்து, போகிற வருகிற பஸ் கிளப்பும் காற்றிலேயே சுற்றுவது ஒன்று. பட்டம் விட்டு மின்சாரம் இழுப்பதும் உண்டு. எல்லா வீடியோவிலும் வானம் நீலமாக இருக்கும். பின்னணியில் பியானோ வாசிப்பார்கள். கடைசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மேலே பார்த்துச் சிரிப்பாள். மீட்டரை மட்டும் யாரும் காட்ட மாட்டார்கள்.

உடுமலைப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே நான் பல வருஷம் ஜீப்பில் சுற்றியவன். அந்த மூன்று இறக்கை எந்திரத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம் எதுவும் கிடையாது. அதைவிட நல்லதாக ஒன்று செய்ய உலகம் முழுக்கப் புத்திசாலிகள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் மூன்று இறக்கைக்கே திரும்பி வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். காரணமும் எளியது. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கிற மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் உருவம் எப்படி இருக்கிறது என்பதைவிட எங்கே, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கால்வாசிக் கணக்கு. இதை மைத்துனனிடம் பலமுறை சொன்னேன். நான் சொல்வதைக் கேட்கும்போது அவன் முகம், பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லப்பட்டவனின் முகம் போல மரியாதையாகச் சுருங்கும். பிறகு அடுத்த வீடியோவைக் காட்டுவான்.

அவன் செய்த எந்திரத்தைப் பார்த்தபோது நானும் அதை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தேன் என்பது உண்மை. ஆள் உயரத்துக்கு மேல், செங்குத்தாக நிற்கும் அச்சில், அலுமினியத் தகடுகள் ஈர வேட்டியை முறுக்கிப் பிழிந்து நிறுத்தியது போல வளைந்து ஏறின. ஒரு தகட்டிலும் சுத்தியல் பட்ட தடம் இல்லை. வாயால் ஊதினாலே அசைந்தது. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் வாங்கிக்கொள்ளும், முகத்தைத் திருப்பித் திருப்பிக் காற்றைத் தேட வேண்டியதில்லை. ஜெனரேட்டர் அடியில் தரையோடு இருப்பதால் பழுதானால் கம்பம் ஏற வேண்டாம். சத்தம் இல்லை. குருவி மோதிச் சாகாது. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டான். இவையெல்லாம் பொய்யில்லை. நல்ல உயரமும் வெட்டவெளியும் கொடுத்தால் நாலைந்து விளக்கும் ஒரு ஃபேனும் ஓட்டும், மழைக்காலத்தில் சூரியத் தகடு தூங்கும்போது உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. காற்றால் தள்ளப்பட்டுச் சுற்றும் தகடு காற்றைவிட வேகமாக ஓட முடியாது, காற்றை வெட்டி ஓடுகிற மூன்று இறக்கை ஓடும். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

"அழகா இருக்குது மாப்பிள்ளை," என்றேன்.

"அழகு கிடக்குதுங்க. கரண்ட்டு வருமான்னு சொல்லுங்க."

"டெஸ்ட் பண்ணாம எப்படிச் சொல்றது?"

டெஸ்ட் என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. காற்றளவு மானி, உயரக் கம்பம், மாதக்கணக்கில் பதிவு என்று நான் நினைத்துச் சொன்னேன். அவன் அடுத்த வாரமே விடியற்காலையில் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, அதன் பின்தட்டில் எந்திரத்தை நிற்கவைத்து வெல்டிங் பண்ணிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். கோயம்புத்தூரில் இதுதான் வழக்கம். எதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் யோசிப்போம். என்னைப் பின்னால் ஏற்றி, கையில் மீட்டரைக் கொடுத்து, பொள்ளாச்சி ரோட்டில் விரட்டினான். ஈச்சனாரி தாண்டியதும் எந்திரம் விர்ரென்று சுற்ற, கட்டித் தொங்கவிட்ட பல்பு பளீரென்று எரிந்தது. எதிரே வந்த பால் வண்டிக்காரன் பிரேக் போட்டே நின்றுவிட்டான். வழியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கைகாட்டினார்.

"ஏனுங்க, என்னதுங்க இது? தேர் நோம்பிக்குக் கொண்டுபோறீங்களா?"

"காத்தாலைங்க," என்றான் மைத்துனன் பெருமையாக.

அவர் எந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் மீட்டர். "பெரியவர் யாருங்க, விஞ்ஞானிங்களா?"

"ரிட்டயர்டுங்க," என்றேன். அவர் பரிவோடு போகச் சொன்னார்.

டீசலில் எரிந்த அந்தப் பல்பை மைத்துனன் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டான். வண்டி ஓடும் வேகத்துக்குச் சமமான காற்று, மரமும் சுவரும் இல்லாத ரோட்டில், ஒரே சீராக அடித்தால் இப்படித்தான் எரியும், அப்படிப்பட்ட காற்று நம் ஊரில் யார் வீட்டு வாசலிலும் அடிப்பதில்லை என்று சொன்னேன். "எரிஞ்சுதுங்களா இல்லீங்களா?" என்று கேட்டான். எரிந்தது.

அந்த வீடியோ ஃபோன் ஃபோனாக நகர்ந்து, கிணத்துக்கடவுக்கு அப்பால் தென்னந்தோப்பும் கறிக்கோழிப் பண்ணைகளும் வைத்திருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. பெரிய மனிதர். பெரிய மீசையும் அதைவிடப் பெரிய பணிவும் உடையவர். தோட்டத்து வீடான சாளையில் ஒன்று வைத்துப் பார்ப்போம், ஆடிக் காற்றில் நன்றாக ஓடினால் கோழிப் பண்ணை ஒவ்வொன்றுக்கும் ஒன்று வைக்கலாம் என்று அவர் சொன்னதாக மைத்துனன் வந்து சொன்னபோது, என் மனைவி சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டாள். அத்தனை பண்ணைக்கும் செய்வதென்றால் பட்டறைக்கு மூன்று ஆள் வேண்டும். அவன் அப்போதே பழைய ஆட்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தான்.

"நீங்களும் கூடப் போயிட்டு வாங்க," என்றாள் மனைவி என்னிடம். "போயி உங்க புத்தகத்த விரிச்சுப்போட்டு அந்த மனுசன பயமுறுத்தாதீங்க. என்ற தம்பி மொகத்துல சிரிப்பப் பாத்து எத்தன நாளாச்சு."

போனேன். இடத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகமாகவே இருந்தது. அந்தப் பக்கத்துக்கு வரும் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து நுழைகிறது. தோட்டத்தின் தென்மேற்கில் கொப்பரை காயப்போடும் பெரிய சிமெண்டுக் களம், அதற்கு அப்பால் மரமில்லாத மேய்ச்சல் காடு. களத்தின் ஓரத்தில் உயரமாக ஒரு கம்பம் நட்டு வைத்தால், இந்த எந்திரம்கூடத் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். நான் வேட்டி படபடக்க அங்கே நின்று கையைக் காட்டினேன். தோட்டத்துச் சொந்தக்காரர், எங்கள் பேச்சில் தோட்டக்காரர், மரியாதையாகத் தலையாட்டினார். "சார் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். ஒரு வார்த்தை நம்ம வாஸ்துக்காரரையும் கேட்டுப்போடலாமுங்க."

வாஸ்துக்காரர் திருப்பூரிலிருந்து காரில் வந்தார். படித்தவர்தான், கழுத்தில் திசைகாட்டி தொங்கியது. களத்து ஓரத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இது கன்னி மூலைங்க. இந்த மூலை கனமா, அசையாம இருக்கோணும். இங்க சுத்தற பொருள வெச்சீங்கன்னா ஊட்டுத் தலைவரு ஒரு இடத்துல நிலைகொள்ள மாட்டாருங்க. இந்த மூலையில இருக்கற தண்ணித் தொட்டியவிட உசரமா வேற எந்த மூலையிலயும் எதுவும் எந்திரிக்கக் கூடாது. காத்தாலைன்னா வாயு மூலைதானுங்க. வடமேற்கு. வாயு பகவானோட சொந்த இடம். அவரு ஊட்டுல அவர வெச்சா ஏன் சுத்தமாட்டாரு?"

தோட்டத்தின் வடமேற்கு மூலைக்கு எல்லோரும் நடந்தோம். மேற்கே பழைய நெட்டைத் தென்னைகள் சுவர் போல நின்றன. தெற்கே கொப்பரைக் கிடங்கு. உள்ளே நின்றால் சட்டைக் காலர்கூட ஆடவில்லை. தலைக்கு மேலே வெகு உயரத்தில் மட்டைகள் மட்டும் சலசலத்துக்கொண்டிருந்தன. வாயு பகவான் எந்த மூலைக்கு அதிபதி என்பதைச் சாஸ்திரம் முடிவு செய்திருந்தது. கணவாய்க்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

"ஏனுங்க, காத்து அங்கிருந்து வருதுங்க," என்று களத்தைக் காட்டினேன். "இங்க வந்து சேர்றதுக்குள்ள மரமும் கிடங்கும் அதத் தின்னுபோடும்."

வாஸ்துக்காரர் கோபப்படவில்லை. "சார் சொல்றது வெளிக் காத்துங்க. நான் சொல்றது மூலையோட காத்து."

நான் மைத்துனனைப் பார்த்தேன். எந்திரத்தைச் செய்தவன் அவன். முடியாது, களத்தில்தான் வைப்பேன் என்று அவன் சொன்னால் தோட்டக்காரர் ஒருவேளை யோசிப்பார். மைத்துனன் தோட்டக்காரரின் முகத்தைப் பார்த்தான். பிறகு, தன் எந்திரத்தின் மேல் இருந்த அத்தனை பெருமையோடும் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"பரவாயில்லீங்க. நம்ம மிஷினு எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் சுத்துமுங்க."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் இப்படிப்பட்ட எந்திரங்கள் எல்லாம் மாட்டிக்கொள்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று இறக்கைக்காரன் நல்ல இடம் கொடுத்தால்தான் வருவேன் என்று அடம்பிடிப்பான். மலை முகட்டைக் கேட்பான், கடற்கரையைக் கேட்பான். இவை எங்கும் சுற்றுவேன் என்று சொல்லிக்கொண்டு வருகின்றன. அதனால் யாருக்கும் வேண்டாத இடம் இவற்றுக்கு வாய்க்கிறது. எல்லாத் திசைக் காற்றையும் வாங்கும் என்பது சரி. இல்லாத காற்றை எந்தத் திசையிலிருந்து வாங்குவது?

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவனிடம் இதைத் திட்டமாகச் சொன்னேன். அந்த மூலையில் வைக்காதே, இந்த ஆடியை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடு என்றேன்.

"வேற ஆளு எங்கீங்க மச்சான் இருக்கறாங்க? ரெண்டு வருசமா அலையறேன். ஒருத்தரு வந்திருக்காரு. அவரையும் நாம மூலை சரியில்லைன்னு சொல்லித் தொரத்தோணுமா?"

"தொரத்த வேண்டாம். களத்துல வைக்கச் சொல்லிக் கேளு."

"அவரு குடும்பத்துக்கு எதாச்சும் ஆச்சுன்னா? நாளைக்கு ஒரு சளி காய்ச்சல் வந்தாலும் என்ற மிஷினாலதான்னு ஆயிருமுங்க." டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "உங்களுக்கு எப்பவும் எதையாவது தள்ளுபடி பண்ணியே பழக்கமாயிருச்சுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு ஊரே சொல்லுது. உங்களுக்கு மட்டும் தென்னை மரம் மறைக்குது," என்றாள்.

வைகாசியில் எந்திரம் வாயு மூலையில் நின்றது. தண்ணீர்த் தொட்டியைவிடத் தாழ்வாக, சாஸ்திரத்துக்குக் குறைவில்லாமல். சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, தோட்டக்காரரின் மனைவி ஆரத்தி எடுத்தாள். அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு சுழல்காற்று வந்து எந்திரம் நாலைந்து சுற்றுச் சுற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆனி வந்தது, ஆடியும் வந்தது. கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் தலைமுடி நெட்டுக்குத்தாக நின்றது. பேக்கரிக்காரர் பலகையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் ஒரு பக்கம் சாய்ந்தே ஓட்டிப்போனார்கள். கொப்பரைக் களத்தில் நின்றால் கண்ணில் மண் வந்து அடித்தது. அங்கிருந்து வடமேற்கு மூலைக்கு நடந்தால், ஒவ்வொரு அடிக்கும் காற்று இறங்கி இறங்கி, கிடங்கைத் தாண்டியதும் கதவைச் சாத்தியது போல நின்றுவிடும். எந்திரம் ஒரு பாதி சுற்றுச் சுற்றும், யோசிக்கும், எதிர்ச் சுழல் ஒன்று வந்து முட்டும், நிற்கும். மறுபடி தயங்கித் தயங்கி அசையும். பாட்டரி ஏறவில்லை. மைத்துனன் பேரிங்கைக் கழற்றி எண்ணெய் போட்டான். காந்தத்தை மாற்றினான். தகடுகளின் வளைவைக் கூட்டினான், குறைத்தான். வாரத்துக்கு இரண்டு தடவை கணபதியிலிருந்து பஸ் பிடித்துப் போய் அதன் அடியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பான். மரங்களைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. இந்தப் பண்பைப் பற்றி வெளியூர்க்காரர்கள் மெச்சிப் பேசுவார்கள். ஒருநாளாவது அந்த எந்திரத்தின் அடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் அவர்கள். தோட்டக்காரர் ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்தார். "இருக்கட்டுமுங்க. மெதுவா ஆகட்டுமுங்க. என்னங்க அவசரம்?" என்றார். வாஸ்துக்காரரும் ஒரு முறை வந்து, மூலை நன்றாக இருக்கிறது, எந்திரத்துக்குத்தான் இன்னும் நேரம் கூடவில்லை என்று சொல்லிப் போனார். ஓடவில்லை, எடுத்துக்கொண்டு போ என்று ஒருவர் சொல்லியிருந்தால் மைத்துனன் அன்றே அழுது முடித்து, அடுத்து என்ன செய்வது என்று யோசித்திருப்பான். அவன் ஆவணி வரை எல்லோருடைய மரியாதையிலும் நனைந்துகொண்டே இருந்தான். கோழிப் பண்ணைகளைப் பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை. பெங்களூரிலிருந்து மகன் ஃபோன் செய்தால் எடுப்பதை நிறுத்திவிட்டான். மகன் எனக்குச் செய்தான். "மாமா, அப்பாகிட்ட நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க." எடுத்துச் சொல்லித்தானே எனக்கு இந்தப் பெயர்.

ஆவணிக் கடைசியில் தோட்டக்காரரே கூப்பிட்டனுப்பினார். மகளுக்கு நிச்சயம், சாளையில்தான் விசேஷம். மாப்பிள்ளை வீட்டார் ஈரோட்டிலிருந்து வருகிறார்கள். மைத்துனனோடு நானும் போனேன், எந்திரத்தை எடுக்கச் சொல்லப்போகிறார் என்று எண்ணி, அவனைத் தேற்றுவதற்கான வார்த்தைகளோடு. தோட்டக்காரர் எங்களை உட்காரவைத்து, சுற்றி வளைத்து, குடும்பம் சௌக்கியம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அந்த மிஷினு நெம்ப லட்சணமா இருக்குதுங்க. வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. அன்னிக்கு மட்டும் அது சுத்திட்டே இருந்தா நல்லா இருக்குமுங்க. உள்ள ஒரு சின்ன மோட்டார் வெச்சுப்போட முடியுங்களா? லைட்டு நாலு கலர்ல."

நான் மைத்துனனைப் பார்க்கவில்லை. மோரைப் பார்த்தேன்.

"மோட்டாருங்களா?" என்றான் அவன்.

"சும்மா நைஸா சுத்தோணும். அவ்ளோதானுங்க."

"காத்தாலைங்க அது," என்றேன் நான். என் குரல் எனக்கே அலுவலகக் குரலாகக் கேட்டது.

"ஆமாங்க சார்," என்றார் அவர் பணிவாக. "காத்தாலைதானுங்க. காத்து இல்லாதப்ப மட்டும் மோட்டாருங்க."

மைத்துனன் மாட்டேன் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் எழுந்துபோய் எந்திரத்தின் அடிப்பாகத்தைக் கையால் அளந்து பார்த்தான். ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டால் மோட்டார் அதே இடத்தில் உட்காரும் என்றான்.

நிச்சயத்தன்று எந்திரம் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டு, சொகுசாக, ஒரே சீராகச் சுற்றியது. ஈரோட்டுக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் என்னிடம் வந்து, இந்த மாதிரி இயற்கை மின்சாரத்துக்கு மாறினால்தான் நாடு உருப்படும் என்று விளக்கினார். நான் ஆமாம் என்றேன். எனக்கும் மரியாதை தெரியும். அன்றைக்கே பந்தியில் தோட்டக்காரரின் பங்காளி ஒருவர், பொள்ளாச்சி ரோட்டில் தான் கட்டிக்கொண்டிருக்கும் கல்யாண மண்டபத்தின் முகப்பில் இப்படி நாலு வைக்க வேண்டும் என்று மைத்துனனைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து மேட்டுப்பாளையத்தில் ஒருவர். பிறகு ஒரு ஜவுளிக்கடை, ஒரு தனியார் பள்ளிக்கூடம்.

பட்டறை மூடப்படவில்லை. பழைய ஆட்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மகன் பெங்களூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அப்பா ஜெயித்துவிட்டார் என்று சொல்லிப் போனான். என் மனைவி மறுபடி விளக்கேற்றினாள். மண்டபத்துக்குக் கூடுதல் மின்பளு கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது, மோட்டார்கள் வணிகக் கட்டண வரிசையில் வரும். அதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். காற்றாலை சுற்றுவதற்காக மின் இணைப்புக் கேட்கும் கோப்பை என் வேலைக்காலம் முழுக்க நான் பார்த்ததில்லை. ஆனாலும் தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒரே நடையில் வேலை முடிந்தது.

காற்றைப் பற்றி மைத்துனன் அதற்குப் பிறகு பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். ஒரு தடவை நானே, பழைய பாக்கி தீர்ப்பது போல, கடலில் மிதக்கவிடும் செங்குத்துக் காற்றாலை பற்றிப் பேப்பரில் வந்திருக்கிறது, உன் எந்திரத்தின் ஜாதிதான் என்று எடுத்துக் கொடுத்தேன். "அப்படீங்களா," என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னான்.

மண்டபத்தின் முதல் முகூர்த்தம் மறு வருஷம் வைகாசியில் வந்தது. எங்களுக்கும் பத்திரிகை இருந்தது. முகப்பில் நாலு எந்திரமும் உயரத் தூண்களின் மேல், வெட்டவெளியில், மேற்குப் பார்த்து நின்றன. அவனுடைய காற்றாலைக்கு அன்று கிடைக்காத இடம். அன்று காற்றும் சீக்கிரமே தொடங்கியிருந்தது. பந்தல் துணி பாய்மரம் போல விம்மியது, வாசலில் பன்னீர் தெளித்த பெண் முந்தானையை இடுப்பில் செருகி முடிச்சே போட்டுக்கொண்டாள். எந்திரங்கள் தாளம் தப்பாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

தாலி கட்டி முடிந்த சமயம் மின்சாரம் போயிற்று. நாதஸ்வரத்தின் மைக் நின்றது. நானும் மைத்துனனும் வாசலில் நின்றிருந்தோம். எந்திரங்களும் நின்றுவிட்டன. காற்று என் வேட்டியைப் பிடித்து இழுத்தது, தூண்களுக்கு நடுவில் கட்டிய வாழை மரங்களின் இலைகள் கிழிந்து நாராகிக்கொண்டிருந்தன. நாலு எந்திரமும் நட்டுவைத்த கல் போல நின்றன. ஊதினால் அசைந்த தகடுகள் அவை.

"என்ன மாப்பிள்ளை, இந்தக் காத்துக்கு அசையக்கூட இல்ல? பேரிங் பிடிச்சிருச்சா?"

"பேரிங் நல்லா இருக்குதுங்க. உள்ள வார்ம் கியர் போட்டிருக்கறேன். மோட்டாரு தகட்டச் சுத்தும். தகடு மோட்டாரச் சுத்த முடியாதுங்க."

"சாதா கியரே போதுமே. அது போட்டிருந்தா இப்ப தானா சுத்துமே."

"சுத்துமுங்க," என்றான். அவன் மேலே பார்க்கவில்லை. செருப்பு விடும் இடத்தில் தன் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான். "தெரிஞ்சுதானுங்க மச்சான் போட்டேன்."

உள்ளே யாரோ ஜெனரேட்டருக்குக் கயிறு இழுக்கும் சத்தம் கேட்டது. "வாங்க," என்றான். "பந்தி போட்டுட்டாங்க."